முட்டுக்கல்

பிப்ரவரி 5, திங்கள்

மழை இல்லை. மூடுபனி. ஒன்பது மணிக்குத்தான் எதிர்வீட்டு வேலி கண்ணுக்குத் தெரிந்தது.

காபி எஸ்டேட் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் மழைமானி பார்த்துக் குறித்தவன், ஓய்வு பெற்ற பிறகும் கொல்லையில் ஒன்றை நட்டுவைத்துக் குறித்துக்கொண்டிருக்கிறான் என்று என் மனைவி ஜெசிந்தா கேலி செய்கிறாள். செய்யட்டும். ஏற்காட்டில் எவ்வளவு பெய்தது என்று ஒருத்தனாவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டாமா?

இன்று சேலத்திலிருந்து ஒருவன் வந்து ஜீப்பைப் பழைய இரும்பாகக் கேட்டான். ஷெட்டில் ஒன்பது வருஷத்துக்கு மேலாக நிற்கும் ஜெசிந்தாவின் ஜீப். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொடுத்துவிடுங்கள், இடமாவது மிச்சமாகும் என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். நான் கொடுப்பதாக இல்லை என்று அவனை அனுப்பிவிட்டேன். இஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, இடது பக்கத் தகரம்தான் அரித்துவிட்டது, அதைச் சரிசெய்யப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"செஞ்சு? யாரு ஓட்டறது, நீங்களா?"

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது ஊருக்கே தெரியும். மழைமானியைத் துடைக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மழை இல்லை.

டிங்கர் மஸ்தான் பாய் வந்து பார்த்தார். இடது பக்கத் தகரத்தை முழுசாகக் கழற்றி, ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டு, சேலத்தில் கால்வனைஸ் செய்துவிடலாம் என்றார். இரும்பு வாளிக்குச் செய்கிற அதே வேலை. உருகிய துத்தநாகத்தில் தகரத்தையே முக்கி எடுப்பார்கள், அப்புறம் இந்த மலைப்பனி நாற்பது வருஷத்துக்குக் கிட்டே வராதாம். அதற்கு முன் பழைய பெயிண்ட், தார், கிரீஸ், பள்ளத்தை அடைக்கிற பட்டி எல்லாம் போய், வெறும் இரும்பு தெரிய வேண்டும். அந்த வேலையை நாமே செய்தால் நல்லது, பட்டறைப் பையன்கள் அவசரத்தில் பாதியை விட்டுவிடுவார்கள் என்றார்.

சொல்லிக்கொண்டே பின்பக்க மூலையைத் தட்டிப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் டங்கென்றது. அந்த மூலை மட்டும் மொத்தென்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காபி சாப்பிடலாம் வாங்க என்று கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மழை இல்லை. சர்ச்சுக்கு, பூசைக்குப் போய்வந்தோம்.

போகும்போது வழக்கம்போல வளைவு வரை போய் ஜெசிந்தா திரும்பினாள். வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்க. பூட்டியிருந்தது. மறுபடி வளைவு வரை வந்து, மறுபடி திரும்பினாள். கேஸ் மூடினோமா என்று பார்க்க. மூடியிருந்தது. நான் குடையோடு வளைவில் நின்றேன். அது அவள் சுபாவமாகிவிட்டது, நான் ஒன்றும் சொல்வதில்லை.

முன்பெல்லாம் அப்படி இல்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். இருபத்திரண்டு வருஷம் தானே ஜீப்பை எடுத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள். அந்த நாளில் இந்த மலையில் ஜீப் ஓட்டிய பொம்பளை அவள் ஒருத்திதான். மூடுபனியில் கொண்டை ஊசி வளைவில் அவள் திரும்புகிற சத்தத்தை வைத்தே லைன் ஜனங்கள் சிஸ்டர் வந்தாச்சு என்பார்கள்.

2014 நவம்பரில் அந்த விபத்து. வீட்டு முன் சரிவில் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தாள். இங்கே யாரும் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை, சக்கரத்துக்கு முன்னால் ஒரு முட்டுக்கல்லும் வைப்பார்கள். அவளும் வைப்பாள். ஆனால் அன்று ஜீப் உருண்டு, கீழ்வீட்டு வெள்ளையனின் மாட்டுக்கொட்டகையில் மோதி, விட்டம் அவன் கால்மேல் விழுந்தது. முட்டுக்கல் பாதை ஓரமாகக் கிடந்தது.

கல் வெச்சேனே, கல் வெச்சேனே என்று பதினைந்து நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். சாவியை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தவள் பிறகு தொடவே இல்லை. வெள்ளையன் இப்போதும் குளிர்காலத்தில் காலை இழுத்துத்தான் நடக்கிறான். தினமும் பால் கொண்டுவருகிறான். அவனுக்கு ஒரு பெரிய டம்ளர் காபி கொடுக்காமல் அவள் அனுப்புவதில்லை.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

மழை இல்லை. தவக்காலம் ஆரம்பம். நெற்றியில் சாம்பலோடு வேலையை ஆரம்பித்தேன்.

மஸ்தான் பாய் கழற்றிக் கொடுத்த தகரத்தை இரண்டு ஸ்டூல்மேல் கிடத்தி, பெயிண்ட் ரிமூவர் தடவினேன். பெயிண்ட் பொரிந்து எழும்பியது. சுரண்டியால் சுரண்டினால் ஒரு கோடு வந்தது, ஒரு கோடு வரவில்லை. ரிமூவர் கையில் பட்டு எரிந்தது. ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? எழுந்து வந்து என் கையைக் குழாயடியில் பிடித்துக் கழுவிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, சுரண்டியைப் பிடுங்கினாள்.

"இது என்ன தேங்காயா? படுக்க வெச்சுப் பிடிக்கணும்."

புண்ணைச் சுத்தம் செய்கிற மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே வந்தாள். மேலே பச்சை, அதற்கடியில் சாம்பல், அதற்கடியில் பட்டாளத்துப் பச்சை. நான் துணி எடுத்துக் கொடுத்தேன். இப்படி அவள் பக்கத்தில் நின்று ஏதாவது எடுத்துக் கொடுத்து எத்தனை நாளாயிற்று. சந்தோஷமாக இருந்தது. சாம்பல் புதனன்று சந்தோஷப்படலாமா தெரியவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

மழை இல்லை. உப்புத்தாள், கம்பி பிரஷ், இரண்டு கிலோ வேஸ்ட் துணி வாங்கினேன். பின்மூலையைக் கடைசியில் நானே பார்த்துக்கொள்வதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மழை இல்லை. சேலம் போய் கால்வனைசிங் கம்பெனி சூப்பர்வைசரைப் பார்த்தேன். ஞானவேல் என்று பெயர், சின்ன வயது, அவசர அவசரமாகப் பேசுகிறார்.

சுத்தம் செய்த இரும்பு ஒரே இரவில் பனியில் சிவந்துவிட்டது என்று கவலையோடு சொன்னேன். அவர் சிரித்தார். துருவைப் பற்றிக் கவலையே வேண்டாம், முக்குவதற்கு முன் அமிலத் தொட்டியில் போடுவோம், துரு தானாகப் போய்விடும். போகாதது பெயிண்ட், கிரீஸ், பட்டி. அவை இருக்கிற இடத்தில் துத்தநாகம் ஒட்டவே ஒட்டாது, கறுப்பாக நிற்கும் என்றார். அடியில் நாலு பக்கமும் மூடிய பெட்டி மாதிரி ஒரு பகுதி இருக்கிறதே, அதில் கட்டாயம் ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் அந்தச் சூட்டில் வெடிக்கும்.

ஒரு மூலையில் கொஞ்சம் பட்டி, கையகலம்தான், விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஏன் சார் விடணும்? எடுத்துட்டா வேலை முடிஞ்சிது."

அவருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 24, சனி

மழை இல்லை. ஜெசிந்தா மாலை நாலு மணிக்குச் சர்ச்சில் மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போனாள். வளைவிலிருந்து இரண்டு தடவை திரும்பிவந்து பூட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள், நான் வீட்டுக்குள் இருக்கும்போதே. ஆறு மணிவரை வரமாட்டாள் என்று பின்மூலையை ஆரம்பித்தேன்.

நாலரைக்கு வந்து நிற்கிறாள். சாமியாருக்குக் காய்ச்சலாம், கூட்டம் இல்லையாம்.

பட்டி பாளம் பாளமாக வந்துகொண்டிருந்தது. அடியில் ஒரு தலை அளவுக்குப் பள்ளம். அவள் குனிந்து, கையுறை இல்லாமல், விரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க நான் இடிக்கவே இல்லியே."

வாங்கும்போதே இருந்திருக்கும் என்றேன்.

"எத்தனை வருஷம் நான் இதைக் கழுவியிருக்கேன். இது எனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அதாவது எனக்குத் தெரியாது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். மீதிப் பட்டியைச் சுரண்டவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

மழை இல்லை. பூசை முடிந்து வரும் வழியில் மஸ்தான் பாய் பட்டறையில் ஜெசிந்தா நின்றாள். அந்தப் பள்ளத்துக்கு யார் பட்டி போட்டது என்று கேட்டாள். பாய் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நான்தான்க்கா போட்டேன். மத்ததை சார்கிட்டயே கேட்டுக்கோங்க," என்றார்.

வீடு வரும்வரை அவள் கேட்கவில்லை. வந்த பிறகும் கேட்கவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

2014 அக்டோபரில் ஜெசிந்தா ஆத்தூரில் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தாள். மனைவி ஓட்டுகிற வண்டியில் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவன் என்று ஆபீசில் என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு ரோஷம். நானே ஓட்டிப் பழகிவிடலாம் என்று ஜீப்பை எடுத்து, இரண்டாம் நாளே பின்னால் போய் ஒரு சில்வர் ஓக் மரத்தில் இடித்தேன். அவள் வருவதற்குள் மஸ்தான் பாய் பட்டி போட்டுப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. நவம்பரில் ஒரு நாள் அவள் உள்ளே இருந்தபோது, இஞ்சினைப் போடாமல் சரிவில் பத்தடி உருட்டி பிரேக் பிடித்துப் பழகலாம் என்று ஏறினேன். முட்டுக்கல்லை நான்தான் எடுத்து ஓரமாக வைத்தேன். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அவள் என்னைக் கூப்பிட்டாள். பிரேக்கை அரைகுறையாக இழுத்துவிட்டுக் கொல்லைப்பக்கமாக ஓடினேன். கல்லை மறந்தேன். காபி ஆற்றிக் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது கீழே சத்தம் கேட்டது.

இன்று காலை இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"அப்ப நான் கல் வெச்சிருந்தேனா?"

"வெச்சிருந்த."

"ஹேண்ட் பிரேக்?"

"அதுவும் போட்டிருந்த."

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரசவம் பார்த்த கைகள். விபத்துக்கு அப்புறம் ஊசி போடும்போதுகூட மருந்தின் பெயரை மூன்று தடவை படிப்பாள், அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட்டாள். முட்டி வலி என்று எல்லோரிடமும் சொன்னாள். நானும் சொன்னேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டாள். பயம் என்றேன். பயம் ஒரு மாசம் இருக்கும், மீதி ஒன்பது வருஷம் என்ன என்றாள். அதற்கும் பதில் சொன்னேன். எத்தனை ராத்திரி மூடுபனியில் அவள் மலை இறங்கிப் போக, சத்தம் திரும்பிவருமா என்று நான் படுக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவள் ஓட்டுவதை நிறுத்தியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை.

"நான் வீட்ல கிடந்தது உங்களுக்கு நல்லா இருந்துச்சு."

"ஆமா."

"இதையாவது மறைக்காம சொன்னீங்களே," என்று எழுந்து போனாள்.

மழை குறிக்க மறந்துவிட்டேன். பெய்யவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

மழை இல்லை.

பிப்ரவரி 28, புதன்

மழை இல்லை. என் தட்டில் சோறு இருந்தது. அவள் முன்பே சாப்பிட்டிருந்தாள்.

பிப்ரவரி 29, வியாழன்

மழை இல்லை. 2014 டைரியைக் கேட்டாள். தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நவம்பர் 19-ஐப் புரட்டினாள். என் கையெழுத்தில் இவ்வளவுதான் இருந்தது: 'மழை இல்லை. மூடுபனி. ஜீப் உருண்டது. வெள்ளையனுக்குக் காலில் அடி.' நானும் கூடவே நின்று படித்தேன். தப்பாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதாமல்தான் விட்டிருக்கிறேன்.

என் பேனாவை வாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த இடத்தில், ஆஸ்பத்திரி நோட்டில் எழுதுகிற மாதிரி எழுத்துகளைச் சேர்க்காமல், தெளிவாக எழுதினாள்:

'கல் வைத்தேன். பிரேக் போட்டேன்.'

கீழே கையெழுத்துப் போட்டு இன்றைய தேதியையும் எழுதினாள். அப்புறம்தான் அழுதாள். நான் கிட்டே போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வாசலில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நிக்காதீங்க, உக்காருங்க," என்றாள். எதிர்நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மார்ச் 2, சனி

மழை இல்லை. வெள்ளையனிடம் சொல்ல வேண்டும் என்றாள். பால் ஊற்ற வந்தவனை உட்காரவைத்து நானே சொன்னேன், அவள் பக்கத்தில் நின்றாள். அவன் காலை நீட்டிக்கொண்டு முழுவதும் கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அக்கா தப்பு ஒண்ணும் இல்லீங்களா?"

இல்லை என்றேன்.

"எனக்கு ஆறு மாசம் கட்டு மாத்திவிட்டதே அக்காதானுங்க," என்று என்னிடம் சொன்னான். பிறகு அவளைப் பார்த்து, "அப்ப இனிமே காபி கிடைக்காதுங்களா?"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. இனிமேல் காபியை என் கையால்தான் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. நான் போடுகிற காபி எப்படி இருக்கும் என்று வெள்ளையனுக்குத் தெரியாது, பாவம்.

மார்ச் 5, செவ்வாய்

மழை இல்லை. ஷெட்டில் சுரண்டுகிற சத்தம் கேட்டுப் போனேன். அவள் பின்மூலையில் மீதிப் பட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கையுறையை மாட்டிக்கொண்டு, மூடிய பெட்டிப் பகுதியில் எட்டு ஓட்டை போட்டேன். முதல் ஓட்டை விழுந்ததும் உள்ளேயிருந்து துருப்பொடியும் பழைய தண்ணீரும் வடிந்தன. எத்தனை வருஷத்துத் தண்ணீரோ.

பள்ளத்தைத் தட்டி நிமிர்த்த மஸ்தான் பாயைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"அது அப்படியே இருக்கட்டும். பட்டி மட்டும் போட வேண்டாம்."

மார்ச் 12, செவ்வாய்

மழை இல்லை. தகரத்தைப் பிக்கப் வண்டியில் ஏற்றிச் சேலம் போனோம். புறப்படும்போது ஜெசிந்தா வண்டியை நிறுத்தச் சொல்லி, வளைவிலிருந்து திரும்பிப் போய்ப் பூட்டைப் பார்த்தாள். இரண்டு தடவை. நான் சொல்லிவிட்டால் அது நின்றுவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. இறங்கிக் குடையோடு நிற்கும்போது எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. இவ்வளவு நாள் இதைச் சுபாவம் என்று எழுதியிருக்கிறேன்.

கம்பெனியில் என் மானம் போனது. தகரம் மாறிவிடக் கூடாதே என்று அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் அழகாக என் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஞானவேல் தலையில் அடித்துக்கொண்டார். ஜெசிந்தா பையிலிருந்து சுரண்டியை எடுத்தாள். எப்படியும் நான் ஏதாவது செய்திருப்பேன் என்று அதை எடுத்து வந்திருக்கிறாள். பெயர் முழுவதும் போகும்வரை இருவரும் சுரண்டினோம். அவர்கள் ஒரு தகர வில்லையில் நம்பர் அடித்துக் கம்பியால் கட்டிக்கொண்டார்கள்.

முக்குவதைத் தூரத்தில் நின்று பார்க்க விட்டார்கள். அமிலம், தண்ணீர், இன்னொரு தொட்டி, கடைசியில் உருகிய துத்தநாகம். தகரம் சாய்ந்து இறங்கியபோது சடசடவென்று சத்தமும் வெள்ளைப் புகையும். ஜெசிந்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தகரம் முழுசாக வெளியே வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நானும் அசையவில்லை.

மார்ச் 14, வியாழன்

மழை இல்லை. தகரம் வந்துவிட்டது. பளபளப்பு. லேசாக நெளிந்திருக்கிறது, பாய் சமாளித்துக்கொள்வார். பள்ளத்தின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு மட்டும் கறுப்பாக நிற்கிறது. எங்கோ ஒரு துளி பட்டி தப்பிவிட்டது. ஞானவேல் அதற்கென்று ஒரு டப்பா ஜிங்க் பெயிண்ட் கொடுத்திருந்தார். பிரஷ்ஷை என்னிடம் நீட்டினாள். மூன்று கோட் அடித்தேன்.

மார்ச் 23, சனி

மழை இல்லை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒன்பது ஈஸ்டருக்கு இந்த ஒரு பாவத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறேன். புதுச் சாமியார் சமவெளிக்காரர், முட்டுக்கல் என்றால் என்ன என்று அவருக்கு விளக்குவதற்குள் வெளியே வரிசை நீண்டுவிட்டது.

மார்ச் 29, பெரிய வெள்ளி

11.4 மி.மீ. வருஷத்தின் முதல் மழை. காபிக்கு இது பூ மழை. இரண்டு தடவை அளந்து பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மழை இல்லை. ஒன்பது நாளுக்கு முன் பெய்ததற்கு இன்று எஸ்டேட் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வாசனை வீட்டுக்குள் வரை வருகிறது.

லைசென்ஸ் புதுப்பித்தாயிற்று. ஆர்.டி.ஓ. ஆபீஸ் காகிதமெல்லாம் என் வேலை, அதில் மட்டும் நான் தப்புச் செய்வதில்லை. மஸ்தான் பாய் நேற்று ஜீப்பைச் சரிவில் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போனார். பச்சை வண்டியில் இடது பக்கம் மட்டும் வெள்ளி. பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். மூலையில் என் பள்ளம் யார் கண்ணுக்கும் தப்பாது.

பூசைக்கு நேரமாகியிருந்தது. அவள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துப் பார்த்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். ஸ்டியரிங்கைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"கல்லை எடுங்க."

குனிந்து கல்லை எடுத்தேன். அவளுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். அதைப் பின்னால் வைத்துவிட்டு ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஹேண்ட் பிரேக்கை அவள் விடுவித்தாள். வண்டி ஒரு முழம் நகர்ந்தது, அவள் பிரேக் பிடித்தாள், நின்றது. பிறகு இஞ்சினைப் போட்டாள்.

வெள்ளையன் கொட்டகை வாசலில் பால் பாத்திரத்தோடு நின்று கையைத் தூக்கினான். அவளும் ஒரு கையை எடுத்து ஆட்டினாள். வீடு பூட்டியாச்சா, கேஸ் மூடியாச்சா என்று இப்போது எனக்கு மனசில் ஓடத் தொடங்கியது. பேசாமல் வந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"வீட்டைப் பூட்டினியா?"

"பூட்டிட்டேன்," என்றாள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வளைவு வந்தது. நான் குடையோடு நிற்கிற இடம். அவள் கியரை மாற்றினாள், ஜீப் திரும்பியது. நாங்கள் அங்கே நிற்கவில்லை.